அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும்

பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த மகள், போன வாரம் திடீரென்று தலையை நிமிர்த்தி, “ஏம்மா, பேரு மட்டும் வேதிச் சமன்பாடுன்னு வெச்சிருக்காங்க, நடுவுல சமக்குறியே காணோமே, அம்புக்குறிதானே இருக்கு, இதுல எது சமம்?” என்று கேட்டாள்.

“அணுக்களோட எண்ணிக்கைதான்டி” என்று உடனே சொல்லிவிட்டேன். பாடப்புத்தகப் பதில், தப்பில்லை. அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருடத்துக்கு முன்னால் நான் ஆட்டிய அதே தலைதான். புரிந்துவிட்டது என்பதற்காக ஆடுவதில்லை, ஆளை விடுங்கள் என்பதற்காக ஆடுவது.

நான் வேதியியல் ஆசிரியை இல்லை. பட்டப்படிப்பு வரை அந்தப் பாடத்தோடு குடித்தனம் நடத்தியதோடு சரி, அப்புறம் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. ஏனென்றால் பள்ளியில் சமன்பாடுகளைச் சமன் செய்வதில் நான் கெட்டிக்காரி. எதைக் கொடுத்தாலும் போட்டுவிடுவேன். அதே நான், மெக்னீசியம் நாடா எரிந்து சாம்பலானால் எடை குறையும் என்று கல்லூரி முதல் வருடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருந்தன. அதுதான் விசித்திரம்.

சமன் செய்வதை ஒரு எண் விளையாட்டாகத்தான் கற்றுக்கொண்டேன். சூடான இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஒரு இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜனும் வரும் என்று ஒரு கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த ஆக்சைடில் மூன்று இரும்பு அணு, நான்கு ஆக்சிஜன் அணு. சரி, வலப்பக்கம் நான்கு ஆக்சிஜன் என்றால் இடப்பக்கம் நான்கு நீர் மூலக்கூறு வேண்டும். நான்கு நீர் வந்தால் கூடவே எட்டு ஹைட்ரஜன் அணு வந்துவிடும், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் திரியும் என்பதால் வலப்பக்கம் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. கடைசியாக இடப்பக்கம் மூன்று இரும்பு. முடிந்தது, இரண்டு மதிப்பெண். அந்த இரும்பு எங்கே இருந்தது, நீராவி எங்கே போனது, குழாயின் அந்த முனையில் நெருப்பைக் காட்டினால் என்ன ஆகியிருக்கும், இதெல்லாம் மனசுக்குள் வரவே வராது. குறுக்கெழுத்துப் புதிரில் கட்டம் நிரப்புகிற மாதிரிதான்.

மகளின் நோட்டைப் பார்த்தால் அவளும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆவதை அவள் இப்படிச் சமன் செய்திருந்தாள் (குறியீடுகளை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன்):

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ₂

அணுக்களை எண்ணிப் பாருங்கள், இந்தப் பக்கம் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், அந்தப் பக்கமும் அப்படியே. கணக்கு கச்சிதம். ஒரே சிக்கல், வலப்பக்கம் இருப்பது நீர் இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடு, தலைமுடியை வெளுக்கவும் கிருமி கொல்லவும் பயன்படுகிற சரக்கு. கீழே தொங்குகிற அந்தச் சின்ன எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும், முன்னால் நிற்கிற பெரிய எண்ணைத்தான் மாற்றலாம் என்று எல்லா ஆசிரியர்களும் தொண்டை வறளச் சொல்கிறார்கள், எல்லாக் குழந்தைகளும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். குழந்தைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. எண்ணைச் சரிக்கட்டு என்றுதானே கேட்டோம், அவர்கள் சரிக்கட்டினார்கள். முன்னால் நிற்கும் எண் ‘எத்தனை’ என்கிறது, கீழே தொங்கும் எண் ‘எது’ என்கிறது. இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தத் தப்பு வராது.

சரியானது இது:

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

இதைத் திருத்திக் கொடுத்ததும் அவள் அடுத்ததைக் கேட்டாள். “இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு. சமம்னு சொன்னீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மெக்னீசியம் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யோக்கியமாக எழுத முடியாது.

மெக்னீசியம் நாடாவை எல்லோரும் பார்த்திருப்போம். உப்புத்தாளால் தேய்த்து மேலே படிந்த மங்கலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, பர்னரில் காட்டினால், ஒன்றிரண்டு நொடி சும்மா இருந்துவிட்டுப் பளீரென்று பிடித்துக்கொள்ளும். நேராகப் பார்க்காதே என்பார்கள், எல்லோரும் பார்ப்போம், கண்ணை மூடினாலும் பச்சையும் ஊதாவுமாக ஒரு கோடு மிதக்கும். அணைந்ததும் ஊதினால் உதிர்ந்துவிடும் வெள்ளைச் சாம்பல். அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு அது நாடாவை விடக் கனம் என்று யார்தான் நம்புவார்கள்? வளைந்து கொடுத்த உலோகம் எங்கே, தொட்டால் பொடியாகிற இது எங்கே. கண் சொல்வதை மூளை கேட்டுக்கொள்கிறது. அதே மூளை பரீட்சைத்தாளில் ‘இரண்டு மெக்னீசியம், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு மெக்னீசியம் ஆக்சைடு’ என்று கூச்சமில்லாமல் எழுதும்.

கல்லூரியில் இதையே எடைபோட்டுச் செய்யச் சொன்னார்கள். மூடியுள்ள குரூசிபிளில் (சூடு தாங்கும் சின்னப் பீங்கான் கிண்ணம்) 0.24 கிராம் மெக்னீசியம். கணக்குப்படி 24 பங்கு மெக்னீசியம் 16 பங்கு ஆக்சிஜனைப் பிடித்து 40 பங்கு ஆக்சைடு ஆகும், ஆக 0.40 கிராம் வர வேண்டும். எனக்கு வந்தது 0.31. எடை கூடியிருந்ததைப் பார்த்ததே எனக்குப் பெரிய அதிர்ச்சி, அதை அனுபவிக்க நேரமில்லாமல் ஏன் 0.40 வரவில்லை என்ற பயம் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி 0.40 என்றே எழுதிவிட்டாள். நான் அவளை விட விவரம், அவ்வளவு துல்லியமாக வந்தால் சந்தேகம் வரும் என்று ரெக்கார்டு நோட்டில் 0.39 என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு டிக் விழுந்தது. நன்று என்று வேறு எழுதியிருந்தது.

அந்த 0.31 ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன். முதலாவது, உள்ளே காற்று போக வேண்டுமே என்று மூடியை அடிக்கடி தூக்கினேன், தூக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை ஒன்று சுருண்டு வெளியே போனது. அந்தப் புகைதான் மெக்னீசியம் ஆக்சைடு. நான் எடைபோட வேண்டிய சரக்கையே ஊதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டாவது இதை விடச் சுவாரசியம். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான், 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக எதனோடும் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும் அந்த நைட்ரஜனைக்கூட, மூடிய குரூசிபிளுக்குள் ஆக்சிஜன் தட்டுப்படும்போது, கொதிக்கிற மெக்னீசியம் விட்டுவைப்பதில்லை. மூன்று மெக்னீசியம் அணுவுக்கு இரண்டு நைட்ரஜன் அணு என்ற கணக்கில் மெக்னீசியம் நைட்ரைடு ஆகிவிடும். அந்த வழியில் போனால் 0.24 கிராம் மெக்னீசியத்துக்கு 0.33 கிராம்தான் வரும். அதனால்தான் ஆறிய பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சூடாக்கச் சொல்வார்கள். நைட்ரைடு தண்ணீரோடு வினைபுரிந்து அம்மோனியாவை வெளியே விட்டு ஹைட்ராக்சைடு ஆகும், அதை இன்னும் சூடாக்கினால் ஆக்சைடு. எங்கள் செய்முறைத் தாளிலும் அந்த வரி இருந்தது. தண்ணீர் எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் அதை விட்டுவிட்டோம். தண்ணீரை விட்டுக் குரூசிபிளை முகர்ந்து பார்த்திருந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி ஒன்று என் 0.31க்குப் பாதிப் பதில் சொல்லியிருக்கும்.

எரிந்தால் எடை கூடுகிறது என்பதில் தடுமாறியது நான் மட்டும் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். ராபர்ட் பாயில் எவ்வளவு பெரிய ஆள். அவர் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துச் சூடாக்கினார், அது ஒரு வெள்ளைப் பொடியாக மாறியது. கலத்தைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. அப்புறம் எடை போட்டார், எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் ஒட்டிக்கொண்டன என்று 1673இல் எழுதினார். திறப்பதற்கு முன்னால் ஒருமுறை, திறந்த பின் ஒருமுறை என்று எடை போட்டிருந்தால் போதும், ஏறக்குறைய நூறு வருடம் மிச்சமாகியிருக்கும். புகுந்த காற்றின் சத்தம் அவர் காதில் விழுந்தும் அது கணக்கில் ஏறவில்லை.

மூடிய கலத்தை மூடியபடியே எடைபோட்டவர்களில் நமக்கு அதிகம் தெரிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. பாதரசத்தைக் காற்றோடு அடைத்துப் பன்னிரண்டு நாள் விடாமல் சூடாக்கினார். மேலே சிவப்பாக ஒரு பொடி படிந்தது, உள்ளிருந்த 50 கன அங்குலக் காற்றில் ஏழெட்டு அங்குலம் காணாமல் போனது. அந்தச் சிவப்புப் பொடியை மட்டும் எடுத்து இன்னும் பலமாகச் சூடாக்கினால் பாதரசம் திரும்பிவந்தது, காணாமல் போன ஏழெட்டு கன அங்குல வாயுவும் திரும்பிவந்தது. அந்த வாயுவில் மெழுகுவத்தி கண் கூசும்படி எரிந்தது. ஆக்சிஜன். போனது எவ்வளவோ அவ்வளவும் வந்துவிட்டது.

என் மகளின் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள விஷயம் இங்கேதான் வருகிறது. 1789இல் லவாய்சியே எழுதிய பாடநூலில் திராட்சைச் சாறு நொதிப்பதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. எதுவும் புதிதாகப் படைக்கப்படுவதில்லை, வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே, ஆகவே இதை ஒரு இயற்கணிதச் சமன்பாடு போலக் கருதலாம் என்று சொல்லிவிட்டு, திராட்சைச் சாறு = கார்பானிக் அமிலம் + ஆல்கஹால் என்று எழுதுகிறார். சமக்குறி போட்டே எழுதினார்! நமது கார்பன் டைஆக்சைடைத்தான் அவர் கார்பானிக் அமிலம் என்கிறார். அணுவும் கிடையாது, குறியீடும் கிடையாது, எல்லாம் எடைதான். இந்தப் பக்கம் தண்ணீர் 400, சர்க்கரை 100, ஈஸ்ட் 10, ஆக மொத்தம் 510 பவுண்டு. அந்தப் பக்கமும் 510 பவுண்டு.

அழகாகப் பொருந்துகிறது, இல்லையா? என் 0.39 மாதிரி. அவர் சர்க்கரையில் கார்பன் நூற்றுக்கு 28 பங்கு என்று எழுதியிருந்தார், இன்றைக்கு நமக்குத் தெரிந்த அளவு 42. உள்ளே இவ்வளவு பிசகு இருந்தும் மொத்தக் கூட்டல் இடிக்கவில்லை என்றால், இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்தாக வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதை வைத்துத்தான் விட்டுப்போன எண்களைத் தேடினார் என்று அர்த்தம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அவரும் எதிரெதிர்த் திசையில் போனோம். அவருக்கு விடுபட்டது எங்கேயோ இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம். எனக்கு விடுபட்டது தெரியாமல் இருந்தால் போதும்.

சரி, மூன்று எப்படி இரண்டானது?

இது என் மகளுக்கு வந்த சந்தேகம் மட்டும் இல்லை, அணுக் கொள்கையைச் சொன்ன டால்டனுக்கே வந்தது. 1808இல் கே லூசாக் வாயுக்களின் கன அளவை அளந்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று காட்டினார். டால்டன் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் கணக்கில் நீர் என்றால் ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். இரண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால் எளிமையான கூட்டணியையே எடுத்துக்கொள் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் போக வேண்டுமானால் ஒவ்வொரு ஆக்சிஜன் துகளும் பாதியாக உடைய வேண்டும். அணு என்றாலே உடைக்க முடியாதது, அதை எப்படி உடைப்பது?

1811இல் அவகாட்ரோ இதற்கு ஒரு வழி சொன்னார். உடைவது அணு இல்லை, ஆக்சிஜன் வாயுவின் துகள் என்பதே இரண்டு அணு ஒட்டிக்கொண்ட மூலக்கூறு, அதுதான் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போகிறது என்றார். எவ்வளவு சின்ன விஷயம். ஒரே மாதிரியான இரண்டு அணு எதற்காக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைய ஆட்களுக்குப் பிடிபடவில்லை, அதனால் ஐம்பது வருடம் கிடப்பில் கிடந்தது. அந்த ஐம்பது வருடமும் ஒரே பொருளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேதி வாய்பாட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். கெகுலே 1861இல் தன் பாடநூலில் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் அப்போது புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். நம் குழந்தைகள் ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்யவே அழுகிறார்கள்! 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் கனிஸாரோ என்ற இத்தாலியர் அவகாட்ரோவின் யோசனையைத் தூசி தட்டி எடுத்து எல்லோருக்கும் புரியவைத்தார். அவகாட்ரோ இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

இதை மகளுக்குச் சொல்ல ஆறு பட்டன் போதுமானதாக இருந்தது. வெள்ளைப் பட்டன் இரண்டிரண்டாக இரண்டு ஜோடி, சிவப்புப் பட்டன் ஒரு ஜோடி. மூன்று ஜோடிகள். கலைத்துவிட்டு ஒரு சிவப்புக்கு இரண்டு வெள்ளை என்று சேர்க்கச் சொன்னேன். இரண்டு கும்பல் வந்தது, ஒரு பட்டனும் மிஞ்சவில்லை. “கும்பல் கொறஞ்சிருச்சு, பட்டன் கொறையல” என்றாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஆக, இந்தச் சமன்பாட்டில் அணுக்களின் எண்ணிக்கை சமம், அதனால் எடையும் சமம். 4 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்சிஜன், 36 கிராம் நீர். மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் இல்லை, கன அளவும் சமம் இல்லை, குணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எரிகிற வாயு ஒன்றும் எரியவைக்கிற வாயு ஒன்றும் சேர்ந்து நெருப்பை அணைக்கிற தண்ணீர் வருகிறது. சூடும் சமமாக இல்லை, அந்த 36 கிராம் நீர் உருவாகும்போது ஏறக்குறைய 572 கிலோஜூல் வெளியே போகிறது. ஐன்ஸ்டைனைத் துணைக்கு அழைத்து, வெளியேறிய அந்த ஆற்றலுக்கும் எடை உண்டே, அப்படியானால் எடையும் சமம் இல்லையே என்று யாராவது வம்புக்கு வரலாம். வாஸ்தவம்தான். ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஆறேழு பங்கு குறையும். பள்ளித் தராசில் அதைப் பார்க்க முடிகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிறகு அந்த அம்புக்குறி. அது ஏன் சமக்குறியாக இல்லை என்றால், சமக்குறிக்குத் திசை கிடையாது, இதற்கு உண்டு. இது முதலில், அது அப்புறம். ஆனால் அம்புக்குறி சொல்லாமல் விடுவதும் நிறைய, அதை யாரும் வகுப்பில் உடைத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் மனக்குறை.

முதலில், நடக்குமா என்பதையே அது சொல்வதில்லை. தாமிரம், கூடவே நீர்த்த கந்தக அமிலம், விளைவது தாமிர சல்பேட்டும் ஹைட்ரஜனும். எழுதிப் பாருங்கள், எந்த எண்ணும் போடாமலே தானாகச் சமனாகும், அவ்வளவு லட்சணமான சமன்பாடு. ஆனால் ஒரு தாமிரத் துண்டை அந்த அமிலத்தில் போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு குமிழி வராது. ஹைட்ரஜனை அதன் இடத்திலிருந்து கிளப்பத் தாமிரத்துக்குத் தெம்பு கிடையாது. அதே இடத்தில் துத்தநாகத்தைப் போட்டால் பொங்கிக்கொண்டு வரும். தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அமிலத்தை அடர்த்தியாக எடுத்துச் சூடாக்கினால் தாமிரமும் கரையும், ஆனால் அப்போது வருவது ஹைட்ரஜன் இல்லை, மூச்சு முட்டவைக்கும் கந்தக டைஆக்சைடு, அதற்கு வேறு சமன்பாடு.

அடுத்தது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே குடுவையில் கலந்து அறை வெப்பத்தில் வைத்தால் வருடக்கணக்கில் சாதுவாக இருக்கும். ஒரு பொறி பட்டால் வெடி. பொறியே இல்லாமல் கொஞ்சம் பிளாட்டினம் பட்டாலும் போதும், 1823இல் டோபரைனர் இதை வைத்துத் தீக்குச்சி இல்லாமல் எரியும் விளக்கே செய்தார். ஒரே வினை, ஒரே சமன்பாடு. பிளாட்டினத்தை அம்புக்குறியின் தலைமேல் எழுதி வினையூக்கி என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

திசையும்கூட முழு உண்மை இல்லை. ஒரு சோதனைக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்துக்கொண்டு அதற்குள் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதினால், நம் மூச்சிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு பட்டுக் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி ஆகும், அது கால்சியம் கார்பனேட். இதை எல்லாப் பள்ளியிலும் காட்டுவார்கள். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள், ஆனால் நிறுத்தக் கூடாது. கார்பன் டைஆக்சைடை விடாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பால் மறுபடி தெளிந்துவிடும், கால்சியம் பைகார்பனேட்டாகிக் கரைந்துபோகிறது. தெளிந்ததை எடுத்துச் சூடாக்கினால் திரும்பவும் பால். மலைக்குள் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக்கொண்டுபோய், குகைக் கூரையிலிருந்து சொட்டும்போது திரும்பக் கல்லாக விட்டுவிட்டுப் போவதும் இதே போக்குவரத்துதான், அங்கே ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. 1884இல் வான்ட் ஹாஃப் ஒற்றை அம்புக்குப் பதிலாக எதிரெதிரே இரண்டு அம்பு போட ஆரம்பித்தது இந்த மாதிரி வினைகளுக்காகத்தான்.

வினை வகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. சேர்க்கை வினை, சிதைவு வினை, இடப்பெயர்ச்சி வினை, இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்று பெயர்ப்பட்டியல் இருக்கிறது, பரீட்சைக்கு வேண்டும், மனப்பாடம் செய்துகொள்ளலாம். மயில்துத்தக் கரைசலில், அதாவது தாமிர சல்பேட் கரைசலில், இரும்பு ஆணியைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பட்டியலை விட மேல். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், ஆணியின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் பூக்கும், கரைசலில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்ந்து லேசான பச்சை ஏறும். இரும்பு உள்ளே போகிறது, தாமிரம் வெளியே வருகிறது. இதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல பெயர்.

எரிகிறபோது எடை கூடும் என்பதை நம்ப முடியாததற்குக் காரணம், நாம் பார்க்கிற நெருப்பெல்லாம் பெரும்பாலும் எடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நெருப்பு. மெழுகுவத்தி சின்னதாகிறது, விறகு சாம்பலாகிறது. பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அது எஞ்சினில் எரிந்து காற்றில் கலக்கும் கார்பன் டைஆக்சைடு மட்டும் 2.3 கிலோ. ஏமாற்றுக் கணக்கு மாதிரி இருக்கிறதா? பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொண்டு எழுதினால், இரண்டு ஆக்டேன் மூலக்கூறுக்கு 25 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும், 16 கார்பன் டைஆக்சைடும் 18 நீரும் வரும். 228 கிராம் ஆக்டேன் 800 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. டாங்கில் ஊற்றியது நமக்குத் தெரிகிறது, காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட மூன்றரை மடங்கு சரக்குக்கு ரசீது கிடையாது. சமன்பாட்டின் இடப்பக்கம் அந்த 25 என்ற எண் நிற்கிறதே, அதுதான் ரசீது. சின்ன வயதில் நான் அந்த 25ஐச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மெக்னீசியத்துக்கு எங்கே போவது, அதனால் இரும்பு நார். முதல் முயற்சி சொதப்பல். பாத்திரம் தேய்க்கிற சுருள் சுருளான நாரை எடுத்துவந்து எவ்வளவு காட்டியும் பற்றவில்லை, அது துருப்பிடிக்காத எஃகு, கம்பியும் தடிமன். மரவேலைக்காரர்கள் மெருகேற்றப் பயன்படுத்துகிற, முடி மாதிரி மெல்லிய நார் வேண்டும். அதைத் தேடி வாங்கி, நன்றாகப் பிரித்துப் பஞ்சுபோல் உதறி, பீங்கான் தட்டில் பரப்பி, தட்டோடு சேர்த்துத் தராசில் வைத்தோம். தட்டின் எடையைக் கழித்துவிட்டு 5.0 கிராம் நார். ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் நாரில் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். சுவாலை எதுவும் வரவில்லை. ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் புழுக்கள் நாரின் வழியே ஊர்ந்து போன மாதிரி இருந்தது, ஊதினால் வேகமெடுத்தன, ஒன்றிரண்டு பொறி தெறித்தது. அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். 5.1. 5.2. “ஏறுதும்மா, ஏறுது!” என்று கத்தினாள். கேட்டதும் எனக்கும் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைப்பானேன், கல்லூரியில் அனுபவிக்காமல் விட்டது இதுதானே.

5.8இல் நின்றுவிட்டது. ஊதிப் பார்த்தோம், கிளறிப் பார்த்தோம், அதற்கு மேல் போகவில்லை. அவள் நோட்டை எடுத்து நான்கு இரும்பு, மூன்று ஆக்சிஜன் என்று சமன் செய்து கணக்குப் போட்டாள், 7.15 வர வேண்டும். துருச்சிவப்பாக இல்லாமல் சாம்பல்கலந்த கறுப்பாக இருக்கிறதே என்று யோசித்து, அந்த மூன்றுக்கு நான்கு ஆக்சைடாக வைத்துப் போட்டால் 6.9. அதுவும் இல்லை. எரிந்ததை விரலால் நசுக்கினாள், மேலே பொடிந்தது, உள்ளே பளபளப்பாக, வளைகிற இரும்பு அப்படியே இருந்தது.

“இப்ப நான் எத்தனைன்னு எழுதுறது?”

“தராசு எத்தனைன்னு சொல்லுச்சோ அதை.”

5.8 என்று எழுதினாள். பக்கத்தில் அம்புக்குறி போட்டு, வலப்பக்கம் ஆக்சைடுக்கு அப்புறம் ஒரு கூட்டல்குறி, அதற்குப் பின்னால் ‘எரியாத இரும்பு’ என்று தமிழிலேயே எழுதிவைத்தாள். பாடப்புத்தகத்தில் அப்படி எழுத இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் எரியாமல் நின்றது எத்தனை கிராம் என்று கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தாள்.